விண்ணப்பக் கட்டுரையில் ஓர் அம்மா

மகளின் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, பேச்சுச் சிகிச்சை படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். கிடைத்ததா இல்லையா என்று யாரும் கடைசிவரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. அது கிடைப்பதற்காக என் வீட்டு ஆட்களே இரண்டு பேர் சேர்ந்து என்னை என்ன செய்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பல் கிளினிக் ஒன்றின் முகப்பில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். ஓ லெவல் என்கிற பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்காக நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. காப்புறுதிக்காரர்களோடு தொலைபேசியில் மல்லுக்கட்டுவது நான். டாக்டர் எழுதும் கடிதங்களில் பிழை பார்ப்பது நான். "ஒரு பல்லப் புடுங்க இவ்வளவா?" என்று எகிறிக் குதிக்கிறவர்களைத் தமிழிலும் இங்கிலீஷிலும் கொஞ்சம் மலாயிலும் சமாதானம் செய்து உட்காரவைப்பதும் நான்தான். "உங்க இங்கிலீஷுக்கு நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று டாக்டர் சொல்வார். சும்மா சொல்வதுதான். இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதற்கு டியூஷன் கிடையாது. புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில் வாரம் எட்டுப் புத்தகம் எடுப்போம், நாலு அவளுக்கு, நாலு எனக்கு. அவள் எழுதும் கட்டுரைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்று அவளுக்கும் எனக்கும் சாப்பாட்டு மேசையில் சண்டையே நடக்கும். என் கணவர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். "ரெண்டு வாத்தியாருக்கு நடுவுல நான் சோறு திங்கணுமா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடத் தொடக்கக் கல்லூரியில் அவள் சேர்ந்த நாளிலிருந்தே நான் ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பு வாங்கி வைத்திருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகங்கள் வெளியாட்களைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்த நாள் எல்லாவற்றுக்கும் அவளோடு போனேன். எந்தப் படிப்புக்கு என்ன மதிப்பெண், எதற்கு நேர்முகத் தேர்வு, எதற்குக் கட்டுரை, எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். அவளுடைய கல்லூரியில் இதற்கென்று ஓர் ஆலோசகர் இருந்தார். மாணவர்களுக்கு வழி சொல்வது அவர் வேலை. அவரே ஒருமுறை என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் என் வேலைக்கு விண்ணப்பம் போடலாம்" என்று சிரித்தார். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமைகளில் நானும் அவளும் ஒன்றாகவே ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். எனக்குக் கிளினிக், அவளுக்குக் கணக்கு வகுப்பு. வரும் வழியெல்லாம் நேர்முகப் பயிற்சி. "உங்களை நாங்கள் ஏன் எடுக்கவேண்டும்?" என்று நான் இங்கிலீஷில் கேட்பேன். அவள் பதில் சொல்வாள். "இழுக்காத. முதல் வாக்கியத்துலயே விஷயத்துக்கு வா" என்பேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களை ஒருமாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதில் நானாகப் போய் மாட்டிக்கொண்டது ஒன்று உண்டு. கிளினிக்குக்கு எதிரே மாடியில் ஓர் இளைஞர் விண்ணப்பக் கட்டுரை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். தானும் உபகாரச் சம்பளத்தில் படித்தவர். பல் சுத்தம் செய்ய வந்தவரிடம் பேச்சுக்கொடுத்து, நானே மகளை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க வீட்டுல என்ன கஷ்டம்?" என்று அவளிடம் கேட்டார்.

"கஷ்டமா? ஒன்னும் இல்லையே" என்றாள்.

"யாருக்காவது பெரிய நோய்? அப்பாவுக்கு வேலை போச்சா? ட்ரிங்க்ஸ் பழக்கம் அப்பிடி ஏதாவது?"

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, அவரு காப்பிக்குச் சீனியே வேணாம்னு சொல்ற மனுஷன்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க லா. எல்லாப் பிள்ளைங்களும் நல்ல மார்க்தான் வச்சிருக்கு. கட்டுரை படிக்கிறவங்க மனசுல நிக்கணும்னா, எதையாவது தாண்டி வந்திருக்கணும். தாண்டுறதுக்கு ஒன்னும் இல்லைன்னா கஷ்டம்."

எங்கள் வீட்டில் கஷ்டம் போதவில்லை என்று ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று இரவுச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கணவரும் சிரித்தார். மகள் சிரித்தாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கட்டுரையை என்னிடம் காட்டவே இல்லை. கேட்டால், "இன்னும் முடிக்கல மா." மறுபடி கேட்டால், "ஆன்லைன்ல அனுப்பியாச்சு மா." எனக்கு வருத்தம்தான். பிள்ளை பெரியவளாகிவிட்டாள், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக்கூடாது என்று என்னையே அதட்டி வைத்தேன்.

பேச்சுச் சிகிச்சைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஓர் அறக்கட்டளையின் உபகாரச் சம்பளத்துக்குக் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். நாலு வருடப் படிப்புச் செலவும் அவர்களுடையது, ஆறு மாதம் வெளிநாட்டில் பயிற்சி. அந்தச் சுற்றில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரும் வரவேண்டும், தேநீர் விருந்து, குழுவினர் கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்பார்கள். கடிதத்தைப் படித்ததுமே எந்தச் சட்டை போடுவது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அம்மா, சேலை கட்டிட்டு வா. அந்தப் பழைய பச்சைச் சேலை" என்றாள் மகள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "அங்க வந்து தமிழ்லயே பேசுறியா? நான் அவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்றேன்" என்றாள்.

நான் எப்படிப்பட்ட மடச்சி பாருங்கள். எனக்கு மனம் பூரித்துப்போய்விட்டது. அவ்வளவு பெரிய மனிதர்கள் முன்னால் அம்மா தமிழில் பேசட்டும் என்று ஆசைப்படுகிறாளே, எத்தனை பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் வரும் என்று மறுநாள் கிளினிக்கில் டாக்டரிடம் பெருமையடித்தேன். வந்த நோயாளிகளிடமும் சொன்னேன்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் கணவர் வேலையிடத்திலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி. மகள் அவரிடம் அச்செடுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வழக்கம்போல நீலக் கோப்பில் போடலாம் என்று உறையைப் பிரித்தேன். கட்டுரை மேலேயே இருந்தது.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். "ஆறு வயதிலிருந்து நான்தான் என் தாயின் குரல். என் தாய்க்கு ஆங்கிலம் எழுதவோ படிக்கவோ பேசவோ தெரியாது. மருத்துவர் சொல்வதைத் தமிழாக்கி அவரிடம் சொல்வேன். அவருடைய வலியை ஆங்கிலமாக்கி மருத்துவரிடம் சொல்வேன். வலி என்ற சொல்லுக்கு எத்தனை வகை உண்டு என்று என் வயதுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது நான் கற்றேன்."

மிக நன்றாக எழுதியிருந்தாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் சமையலறை வாசலில் நின்றபடியே படித்து, அந்தத் தாய்க்காகக் கண்கலங்கிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அந்தத் தாய் நான்.

அது யாருடைய கதை என்றும் எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு ஒரு துப்புரவு வேலை பார்க்கிற அம்மா வருவார். கூடவே அவருடைய சின்னப் பெண். டாக்டர் கேட்பதை அந்தப் பிள்ளைதான் அம்மாவுக்குச் சொல்லும். நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்றால்கூட, "பரவால்ல ஆன்ட்டி, எங்கம்மாக்கு நான் சொன்னாத்தான் புரியும்" என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் வாய் ஓயாமல் பேசியது நான்தான். என் மகள் அந்தப் பிள்ளையாகத் தன்னை ஆக்கிக்கொண்டாள். என்னை அந்த அம்மாவாக்கிவிட்டாள். ஒவ்வொரு காற்புள்ளியும் நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கடைசிப் பக்கத்தில், மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய இடம். என் கணவரின் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நான் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. தெரிந்தவர் எதற்குப் பார்க்கவேண்டும்?

"மூனு மாசமா தெரியுமா உங்களுக்கு?"

"பிள்ளை அழுதுச்சு. என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

"மூனு மாசம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"ஒரு நாள் தானே. சும்மா போய் உக்காந்துட்டு வா. நீ என்ன பாடவா போற, ஆடவா போற?"

மகள் அறையிலிருந்து வந்து நின்றாள். தப்புச் செய்தவள் முகமாக இல்லை. சண்டைக்கு முந்திக்கொண்டு வந்த முகம்.

"அந்தக் கட்டுரை வகுப்பு அண்ணா சொல்லிக்குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"அவரு ஒன்னும் சொல்லல. நானாத்தான் எழுதுனேன். எல்லாரும் இப்பிடித்தான் மா எழுதுறாங்க. நம்ம கதைய எழுதுனா யாரு குடுப்பா? கவுன்டர்ல உக்கார்ற அம்மா, துவாஸ்ல வேலை பாக்குற அப்பா. நோய் இல்ல, சண்டை இல்ல, ஒன்னுமே இல்ல. நாம ரொம்ப நார்மல் மா!"

"அதுக்கு என்னைய ஊமையாக்குவியா?"

"பேப்பர்லதானே மா. அப்பாவப் பாரு. இன்னும் எத்தன வருஷம் ஷிப்டு பாப்பாரு? முதுக நீவிட்டு நீவிட்டுப் படுக்குறாரே, பாத்தியா? எனக்காக அவரு இன்னும் உழைக்க வேணாம்னு பாத்தேன். தப்பா?"

அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். "கடன் வாங்கிப் படிச்சிருக்கலாம்டி" என்றேன். "படிச்சு முடிச்சுக் கட்டியிருக்கலாம். இந்த ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் படிக்குதுங்க."

"இப்ப நீ வரலைன்னா எல்லாம் போச்சு. கட்டுரையில வர்ற அம்மா எங்கன்னு துருவுவாங்க. பொய் எழுதுனான்னு யுனிவர்சிட்டிக்குச் சொல்லிட்டாங்கன்னா எனக்கு அந்த இடமும் போயிடும். உன் இஷ்டம்."

உன் இஷ்டமாம். நடுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போவது என்பது உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு நாள் நான் இருவரோடும் பேசவில்லை. கிளினிக்கில் மட்டும் பேசினேன், அதுவும் வேண்டுமென்றே, தேவைக்கு மேலேயே இங்கிலீஷில் பேசினேன். "இன்றைக்கு என்ன, பேட்டி கொடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேலி செய்தார். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போனேன். ஆமாம், போனேன். அவள் இடம் போய்விடும் என்ற ஒரு வார்த்தை போதாதா ஒரு தாய்க்கு? பச்சைச் சேலை கட்டினேன். தேக்கா சந்தைப் பக்கம் இறங்கி அவளே மல்லிகைப் பூ வாங்கினாள், அவளே என் தலையில் வைத்து ஊசி குத்திவிட்டாள். "குழுவுல மூனு பேரு, தமிழ் ஆளு யாரும் இல்ல. விசாரிச்சிட்டேன்" என்று காதோரம் சொன்னாள். அந்த ஊசியைவிட அது குத்தியது.

நகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் உயரமான மாடி. மேசையில் கறி அடைத்த கறிபாப்பும், குவே என்கிற மலாய்ப் பலகாரமும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேசை, குழுவினர் ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். எங்களிடம் பேசியது தலைவரான ஒரு சீன அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தங்கமான மனுஷி. என் மகளைப் பார்த்து, "உன் அம்மா தேநீர் குடிப்பார்களா? சீனி போடலாமா?" என்று கேட்டார். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கேள்வி என்னைத் தாண்டிப் போகிறது. சேலையும் பூவும் போதும் போலிருக்கிறது, எனக்கு இங்கிலீஷ் வராது என்று நம்புவதற்கு அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் மகள். வீட்டில் அவள் என்னை நீங்க என்று சொன்னதே இல்லை.

"பல் கிளினிக்ல பதினெட்டு வருஷமா முகப்புல இருக்கேன்" என்றேன். "போன் எடுக்குறேன். லெட்டர் எழுதுறேன்."

மகள் அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னாள்: "ஒரு கிளினிக்கில் உதவிக்கு இருக்கிறார்கள். பெரும்பாலும் துடைக்கிற வேலை."

திக்காமல் திணறாமல் சொன்னாள். ரயிலில் நான் பழக்கிவிட்டதுதான், முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள். துடைக்கிற வேலை ஒன்றும் கேவலம் இல்லை. அது என் வேலை இல்லை, அவ்வளவுதான். என் பதினெட்டு வருடம் அந்த மேசையில் கறிபாப்புத் துகளோடு துகளாகக் கிடந்தது.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "மகளுக்காக என்ன ஆசைப்படுகிறார்கள்?"

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, முகத்தையும் மாற்றவில்லை.

"உண்மையச் சொல்லிடு கண்ணு. நீயே சொல்லிடு. இந்த அம்மாவைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது, நீயா ஒத்துக்கிட்டா உன்னையக் கெடுக்க மாட்டாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். நீ ஆரம்பி, மீதிய நான் இங்கிலீஷ்ல பேசிக்கிறேன். மன்னிப்பும் நானே கேக்குறேன். இத வச்சுக்கிட்டு நீ எப்பிடிடி நாலு வருஷம் படிப்ப? சொல்லிடு சாமி."

சொல்லிமுடிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. மேசைக்கு அடியில் அவள் கை என் முழங்காலைப் பிடித்தது. நான் நினைத்தேன், சொல்லப்போகிறாள் என்று. சத்தியமாக நினைத்தேன். பெற்றவள் அல்லவா, அந்த ஒரு விநாடி எனக்குச் சந்தேகமே இல்லை.

மகள் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னாள்: "இத்தனை வருடம் நான் அவர்களுக்கு என்னவாக இருந்தேனோ, அதுவாகவே மற்றவர்களுக்கும் இருக்கவேண்டுமாம். அதுதான் அவர்கள் ஆசையாம்."

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து, நீங்கள் மிகவும் கொடுத்துவைத்தவர் என்று இங்கிலீஷில் சொன்னார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டே வாக்கியம் போதும், எல்லாம் முடிந்திருக்கும். என் பிள்ளையின் எதிர்காலமும் முடிந்திருக்கும். நான் அந்த நல்ல மனுஷியைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவில்லை என்பதுபோல மகளைப் பார்த்தேன். அவள் தமிழில் சொன்னாள். கேட்டுக்கொண்டு, கைகூப்பினேன்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. மகள் அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள்.

"செத்தேபோயிட்டேன் மா. எங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிடுவியோன்னு" என்றாள். கொஞ்சம் கழித்து, சிரிப்பும் வந்துவிட்டது. "ஆனா கடைசில அழுத பாரு, செம்ம! அந்த மேடமே அழுதுட்டாங்க. நிஜமாவே அழுவுற மாதிரி எப்பிடி மா நடிச்ச?"

"நான் நடிக்கலடி" என்றேன். "உன்கிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தேன்."

அவள் என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.